மூன்று தடவை கேட்கிற அக்கா

நாங்கள் சேர்ந்து தங்கியிருந்த வாடகை வீட்டின் இரும்புக் கேட்டைப் பூட்டிவிட்டு அக்கா பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அப்புறம்தான் கம்பெனி பஸ்ஸுக்கு நடப்போம். எனக்குப் பொறுமை கிடையாது, அப்போதும் கிடையாது, இப்போதும் கிடையாது. அந்த மூன்று இழுப்பு முடிவதற்குள் நான் சாலை முனைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருப்பேன்.

"வாங்கக்கா, பூட்டு எங்கயும் ஓடிப்போவாது."

"பூட்டு ஓடாதுலா. உள்ள இருக்கறதுதான் ஓடும்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிதானமாக வருவார். அவரால் நாங்கள் ஒரு நாளும் பஸ்ஸைத் தவறவிட்டதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஸ் எத்தனை மணிக்கு வளைவில் திரும்புகிறது என்பதை மூன்று நாள் நின்று பார்த்துக் கணக்காக வைத்திருந்தார். தவறவிட்ட பஸ்கள் எல்லாம் நான் தனியாகப் போன நாட்களில்தான்.

பெயரை எழுதப் போவதில்லை. மலேசியாவின் கூலிம் தொழிற்பேட்டையில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு யாரென்று உடனே தெரிந்துவிடும். மற்றவர்களுக்குப் பெயர் எதற்கு? என்னைவிட இரண்டே வயது மூப்பு. அவர் சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், நான் கோத்தா கோலா மூடாவில் மீன் வாடையோடு வளர்ந்தவள். இரண்டு பேரும் ஒரே தொழிற்சாலையில், ஒரே டெஸ்டிங் லைனில், ஒரே ஷிப்டில் இருந்தோம். கம்ப்யூட்டருக்குள் வைக்கிற எஸ்.எஸ்.டி. என்கிற சேமிப்புச் சில்லு எங்கள் மேசைக்கு வரும். அது சொன்ன வேகத்தில் எழுதுகிறதா, சொன்ன வேகத்தில் படிக்கிறதா என்று பார்த்து, பச்சைத் தட்டிலோ சிவப்புத் தட்டிலோ போட வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு.

அக்காவிடம் எதைச் சொன்னாலும் ஒரு தடவையில் ஏறாது. "பசியாறிட்டியா?" என்று காலையில் வீட்டில் கேட்பார். பஸ்ஸில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது, "என்ன பசியாறுன?" என்பார். பத்து மணி ஓய்வில் கை கழுவுகிற இடத்தில் மறுபடியும், "காலையில என்ன சாப்ட்டேன்னு சொன்ன?" என்று வரும். எனக்குக் காலையில் சாப்பாடு இறங்காது. வாய்க்கு வந்ததைச் சொல்லி வைப்பேன். மாட்டிக்கொள்வேன்.

"மொதல்ல தோசைன்ன. பஸ்ல ரொட்டின்ன. இப்ப பிஸ்கட்டுங்கற."

"போலீஸ்ல சேந்திருக்கலாம் நீங்க."

அவர் தன் பையிலிருந்து ஒரு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைப்பார். காலையிலேயே இரண்டாக வாங்கி வந்திருப்பார். கோபமும் வரும், பசியும் வரும். சாப்பிட்டுவிடுவேன்.

புருஷனையும் அப்படித்தான் கேட்டிருக்கிறார். அந்தக் கதையை ஒரே ஒரு தடவை, துணி காயப்போடும்போது, கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டே சொன்னார். இரண்டு நாள் வீட்டுக்கு வராத மனிதர் மூன்றாம் நாள் வந்து நின்றாராம். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு பினாங்கு என்றார். சாப்பாடு போடும்போது கேட்டதற்கு தைப்பிங். மறுநாள் காலையில் கேட்டதற்கு ஈப்போ. "மூணு தடவயும் மூணு ஊரு. எந்த ஊருன்னு எனக்குக் கவலையில்லலா. ஒரே ஊரச் சொல்லியிருந்தா பொய்யின்னாலும் இருந்திருப்பேன்." பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குத் தன் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டார். பிள்ளையை அங்கே விட்டுவிட்டுக் கூலிமுக்கு வேலைக்கு வந்தார். மாற்றி மாற்றி வரும் ஷிப்டில் ஒரு பெண்பிள்ளையை எப்படி வைத்துக்கொள்வது?

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அக்கா அதற்கு ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டு, அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் விண்டோஸும் மறு பாதியில் லினக்ஸும் ஏற்றி வைத்தார். திறக்கும்போதே எந்தப் பக்கம் என்று கேட்கும். விண்டோஸ் பக்கம் எனக்கு, சீரியல் பார்க்கவும் பேஸ்புக் மேயவும். லினக்ஸ் பக்கம் அவருக்கு. அவருக்கு அதில் என்ன வேலை என்றால், அந்த எஸ்.எஸ்.டி.யின் வேகத்தை அளப்பதுதான். பன்னிரண்டு மணி நேரம் கம்பெனியில் அளந்தது போதாதென்று லீவு நாளில் வீட்டிலும் அளப்பார். லினக்ஸ் பக்கம் போய் மூன்று தடவை, அணைத்துவிட்டு விண்டோஸ் பக்கம் வந்து மூன்று தடவை. ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார். என் சீரியலில் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும், தாலி கட்டும் நேரத்தில் வந்து நிற்பார்.

"ரீஸ்டார்ட் பண்ணணும். எந்திரி."

"இப்பதானக்கா பாத்தீங்க. அதே டிஸ்க்குதானே?"

"அதே டிஸ்க்குதான். ஆனா ரெண்டு பக்கமும் வேற வேற நம்பர் சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லணும்ல?"

பெரும்பாலும் முதல் எண்தான் பொய் என்பது அவர் கண்டுபிடிப்பு. எழுதச் சொன்னதும் கம்ப்யூட்டர் அதைத் தன் நினைவில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதி முடித்துவிட்டேன் என்று சொல்லிவிடும். எஸ்.எஸ்.டி.யும் சளைத்ததல்ல. வேகமாக வாங்கிப் போட்டுக்கொள்ள ஒரு சின்ன இடம் வைத்திருக்கும், அது நிறைகிற வரைக்கும் பறக்கும், நிறைந்ததும் நடக்கும். விடாமல் எழுத வைத்தால்தான் அதன் உண்மையான வேகம் வெளியே வரும். அக்கா இதை இப்படியெல்லாம் நீட்டிச் சொல்ல மாட்டார். "மொத நம்பரு பொண்ணு பாக்க வர்ற அன்னிக்குக் காட்டுற மூஞ்சி" என்பார், அவ்வளவுதான். விண்டோஸை அணைத்தால் அது முழுதாக அணைவதில்லை, அடுத்த தடவை சீக்கிரம் எழுந்துகொள்ளப் பாதித் தூக்கத்தில் கிடக்கிறது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். அதன் பாகத்தில் லினக்ஸிலிருந்து போட்டு வைத்த என் தங்கை கல்யாணப் படங்கள் காணாமல் போனபோது தெரிந்தது. அன்றிலிருந்து நான் கம்ப்யூட்டரை அணைத்தால்கூட, "உண்மையாவே அணைச்சியா?" என்று கேட்பார்.

லைனில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெஷினின் சூட்டையும் வேகத்தையும் பார்த்துச் சுவரில் தொங்குகிற தாளில் எழுத வேண்டும். யாரும் அப்படி எழுதுவதில்லை. ஷிப்ட் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது ஆளுக்கொரு பேனாவோடு வந்து ஆறு கட்டத்தையும் ஒரே மூச்சில் நிரப்புவோம். ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று மேலே இரண்டு, கீழே ஒன்று என்று மாற்றிப் போடுவோம். அதற்கு எங்கள் லைனில் சமையல் என்று பெயர். "சமைச்சிட்டியா?" "சமைச்சிட்டேன்." நான் நல்ல சமையல்காரி. சில நாள் மூன்று மணிக்கே ஐந்து மணிக் கட்டத்தையும் நிரப்பிவிடுவேன்.

ஒரு நாள் அக்கா என் தாளைப் பார்த்துவிட்டார். சரியாக ஐந்து மணிக்குப் போய் மெஷினைப் பார்த்து, நான் எழுதியதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் உண்மையான எண்ணை எழுதிவிட்டு வந்தார். நான் எழுதியதற்கும் அதற்கும் ரொம்ப தூரமில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மூன்று நாள் பேசவில்லை. அவர் மூன்று நாளும் நாசி லெமாக் கொண்டுவந்தார்.

அந்த வருஷம்தான் டெக்னீசியன் வேலைக்கு உள்ளிருந்தே ஆள் எடுக்கப் போவதாக நோட்டீஸ் போட்டார்கள். ஒரே ஒரு இடம். காலை எட்டு மணிக்குப் போனால் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம், இரவு ஷிப்ட் கிடையாது. பத்துப் பேர் எழுதிக் கொடுத்தோம். எனக்கு இரவில் கண் விழித்து விழித்து அலுத்துப் போயிருந்தது, அதுதான் காரணம். அக்காவுக்கு மகள்.

"கெடச்சா அவள இங்க கூட்டிட்டு வந்துருவேன். ஸ்கூல்ல சொல்லி வச்சிட்டேன்" என்றார். பிள்ளைக்கு அப்போது ஏழு வயது. வீட்டிலிருந்து தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்க என்னையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இழுத்துக்கொண்டு போனார். வழக்கமாக எட்டி எட்டி அடி வைப்பவர் அன்று குட்டிக் குட்டி அடியாக வைத்து நடந்தார். என்னக்கா கால் வலியா என்று கேட்டேன். "ஏழு வயசு காலு எவ்ளோ தூரம் வைக்கும்? அதுக்குத்தான்." வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளிக் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். அவர் மறுபடியும் போனார். மூன்றாவது தடவைக்கு நான் போகவில்லை, ஐஸ் கச்சாங் கடையில் உட்கார்ந்துவிட்டேன். தூரத்தில் ஒரு பெரிய பொம்பிளை குழந்தை அடி வைத்துப் போவதைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பரீட்சை ஒரு செய்முறை. பத்து மேசை, பத்து கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் விண்டோஸும் லினக்ஸும். உள்ளே இருக்கிற எஸ்.எஸ்.டி. எழுதும் வேகத்தை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். தாளில் ஒரு பக்கத்துக்கு மூன்று கட்டங்கள், கடைசியில் சராசரிக்கு ஒன்று. நாற்பது நிமிஷம். கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதை அக்கா என் சீரியலைக் கெடுத்துக் கெடுத்து வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறார். வேலை அவருக்குத்தான் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே லினக்ஸ் பக்கம் போய் ஒரு தடவை அளந்தேன். பெரிய எண் வந்தது. முதல் கட்டத்தில் எழுதினேன். விண்டோஸ் பக்கம் வந்து ஒரு தடவை அளந்தேன், எழுதினேன். மணியைப் பார்த்தேன். மிச்சமிருந்த நான்கு கட்டத்தையும் சமைத்தேன். ஒன்றில் நான்கு கூட்டி, ஒன்றில் இரண்டு குறைத்து. சராசரி போட்டு, கையெழுத்துப் போட்டு, முதல் ஆளாகக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

கண்ணாடி வழியாக அக்கா தெரிந்தார். மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார். நேரம் முடிந்து தாளை வாங்க வந்தபோது அவர் பேனாவைத் தாளில் வைத்தபடியே இருந்தார். சராசரிக் கட்டம் இரண்டும் காலியாக இருந்ததாம். அவருக்கு முதல் எண் பெரிதாகவும், இரண்டாவது அதில் பாதியாகவும், மூன்றாவது அதைவிடக் கீழேயும் வந்திருக்கிறது. இறங்கிக்கொண்டே போகிற எண்ணுக்குச் சராசரி போட அவருக்கு மனசு வரவில்லை. வேகம் இன்னும் நிலைக்கவில்லை, கூடுதல் நேரம் வேண்டும் என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

என் தாளைப் பார்த்த என்ஜினியர், "பாகுஸ்", நல்லது என்றாராம். மூன்று எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. வேலை எனக்குக் கிடைத்தது.

செய்தி வந்த அன்று பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். சாலையோரம் ரப்பர் பால்மரங்களை வெட்டிச் சாய்த்த இடத்தில் புது வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபடி கேட்டார்.

"ஒனக்கு மூணும் கிட்டக்க கிட்டக்க வந்துச்சாமே. எத்தன தடவ எடுத்த?"

"மூணு தடவக்கா."

"அப்ப என் மெஷின்லதான் ஏதோ கோளாறு" என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "ஒனக்குக் கெடச்சது எனக்குச் சந்தோசம்தான்லா" என்றார்.

அவர் மறுபடி கேட்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை கேட்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தோம், கேட்கவில்லை. மறுநாள் காலையில் "பசியாறிட்டியா" என்று கேட்டார். பஸ் நிறுத்தத்தில் கேட்டார். அதைத்தான் கேட்டார். இதைக் கேட்கவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம் என்று நான் காத்திருந்தேன். பூட்டை நம்பாதவர், பஸ்ஸை நம்பாதவர், கட்டிய புருஷனை நம்பாதவர் என்னை ஒரே தடவையில் நம்பிவிட்டார். அதைப் போல என்னை யாரும் தண்டித்ததில்லை.

மகளை அவர் கூட்டிவரவில்லை. ஒரு வருஷம் கழித்து சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலைக்கு மாறிப் போனார். பிள்ளைக்குக் கொஞ்சம் பக்கம், ஆனால் அங்கேயும் மாற்றி மாற்றி வரும் ஷிப்ட்தான். பிள்ளை சித்தியிடமே வளர்ந்தது. "தங்கச்சியத்தான் அம்மாங்கறா. என்னய கூலிம் அம்மாங்கறா. கூலிம விட்டு வந்தும் அப்படியே கூப்புடுறா" என்று போனில் சொல்லிச் சிரித்தார். நான் வேறு பேச்சுக்குத் தாவினேன். மாதம் ஒரு தடவையாவது அழைப்பார். எடுத்ததும் பசியாறிட்டியா என்பார், சாயங்காலமாக இருந்தாலும்.

போன மாதம் அழைத்தபோது ஒரு வேலை வைத்திருந்தார். மகள் காலேஜுக்குப் போகிறாளாம். யாரோ பாவித்த லேப்டாப் ஒன்று வந்திருக்கிறதாம், விண்டோஸும் இருக்கிறது லினக்ஸும் இருக்கிறது, எஸ்.எஸ்.டி. ரொம்ப வேகம் என்கிறாராம் விற்கிறவர். "நீ வந்து பாத்துச் சொல்லு. நான் அதெல்லாம் மறந்து பல வருசமாச்சு."

சுங்கைப் பட்டாணியில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையில் காலை பத்து மணிக்குச் சந்தித்தோம். தலையில் நரை, கண்ணாடி. மோட்டார் சைக்கிள் சாவியை மேசையில் வைத்துவிட்டு லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். நுரைக்க ஆற்றிய பால் டீ, தே தாரிக், இரண்டு சொன்னோம். லினக்ஸைத் திறந்து பெரிய ஃபைலாக எழுத விட்டேன். முதல் எண் வந்தது.

"என்ன சொல்லுது?"

"இருங்கக்கா." மறுபடி அளந்தேன். பிறகு மூன்றாவது தடவை. மேசையில் கிடந்த துண்டுத் தாளில் மூன்றையும் எழுதினேன். ரீஸ்டார்ட் செய்து விண்டோஸ் பக்கம் போனேன். தே தாரிக்கில் ஆடை படிந்துவிட்டது.

"இவ்ளோ நேரமா? நீ ஒரு தடவ பாத்தா போதும்லா" என்றார் அக்கா. "மகக்கிட்டயும் அதத்தான் சொன்னேன். நா நம்பற ஆளு ஒருத்திதான், அவ பாத்துச் சொன்னா சரியா இருக்கும்னு."

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன். பத்து வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்ததை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, அந்தப் பரீட்சையில நான் மூணு தடவ எடுக்கல."

"எந்தப் பரீட்சை?" என்றார். பிறகு அவருக்குப் புரிந்தது. "எத்தன தடவ எடுத்த?"

"ஒரு தடவ. மிச்சத்தச் சமைச்சேன்."

அக்கா கரண்டியால் ஆடையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். காலேஜ் ஹாஸ்டலில் நான்கு பிள்ளைகளுக்கு ஒரு அறையாம். கட்டில் மேலே ஒன்று, கீழே ஒன்றாம். மகளுக்கு மேல் கட்டில் பயமாம். நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் விண்டோஸ் பக்கத்து மூன்றையும் அளந்து எழுதி முடித்தேன். மூன்றாவது எண்ணைக் காட்டி, இதுதான் இதனுடைய வேகம், படிக்கிற பிள்ளைக்கு இது தாராளம் என்றேன். தாளை வாங்கிப் பார்த்தபடியே கேட்டார்.

"எத்தன தடவன்னு சொன்ன?"

"ஒரு தடவக்கா."

அவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். லேப்டாப்பை மூடித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். நான் பின்னாலேயே மோட்டார் வரைக்கும் போனேன். பையை முன்னால் மாட்டி, ஹெல்மெட்டைப் போட்டு, வாரை இறுக்கினார். சாவியைத் திருகும்போது என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எத்தன?"

"ஒண்ணுதான்க்கா."

"மூணும் ஒத்துப்போச்சு" என்றார்.

மோட்டாரைக் கிளப்பி, இரண்டு பக்கமும் பார்த்து, சாலையில் ஏறிப் போய்விட்டார். அந்தக் காலையில் நான் பசியாறினேனா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.